சிக்னலைத் தேடிப் போன நிச்சயதார்த்தம்

கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை என்று சொல்லிவிட்டால் போதும், மிக்ஸி ஓடவில்லை என்றாலும் சொந்தக்காரர்கள் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல வராதது என் வியாதி. (இன்னும் குணமாகவில்லை.)

எனக்கும் ரேவதிக்கும் நிச்சயதார்த்தம் மாமல்லபுரத்தில், ஒரு ஓட்டலின் சின்ன ஹாலில் நடந்தது. ரேவதியின் அண்ணன் செந்திலுக்குக் குவைத்தில் லீவு கிடைக்கவில்லை. அவர் வீடியோ காலில் பார்த்தால்தான் தட்டு மாற்றுவது என்று ரேவதி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பத்தரைக்கு ராகுகாலம். பத்து மணிக்கு, மாமனாரின் போனில் செந்தில் வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றுவிட்டார். மாமனாரின் சிம்முக்கு அங்கே டவர் கிடையாது, ஓட்டல் வைஃபைதான் கதி.

“இன்னா மாப்ள, வைஃபை புட்டுகிச்சு. நீங்க கம்ப்யூட்டர்காரராச்சே, இன்னான்னு பாருங்க,” என்றார் மாமனார்.

அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி. எனக்கும் வைஃபைக்கும் உள்ள உறவு பாஸ்வேர்டு கேட்பதோடு சரி. அதைச் சொல்லவா முடியும்? வைஃபை எங்கே பலமாக இருக்கிறது என்று முள் ஆடிக் காட்டும் ஒரு ஆப் என் போனில் இருந்தது. அதை நீட்டிப் பிடித்தபடி பட்டு வேட்டியில் ஹாலைச் சுற்றினேன். வாசல் பக்கம் முள் எகிறியது.

“எல்லாரும் வெளிய வாங்க! சிக்னல் இங்கதான் கீது!”

பூ, பழம், புடவைத் தட்டுகளோடு இரண்டு வீட்டுச் சனமும் ஐயரும் வாசலுக்கு வந்தார்கள். அதற்குள் முள் படுத்துவிட்டது. மறுபடி தேடினேன். மொட்டை மாடியில் எகிறியது. ஊர்வலம் மாடி ஏறியது. கடற்காற்றில் ஐயரின் துண்டு பறந்தது. பாயை விரிப்பதற்குள் முள் மறுபடியும் படுத்தது.

“இன்னா மாப்ள, ஒரே பேஜாரா கீதே?”

“அலைவரிசை மோதல் மாமா,” என்றேன். (அப்படியென்றால் என்ன என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள்.)

கடைசியில் சமையல்கட்டில் முள் உச்சிக்குப் போனது. சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் பாய் விரித்தோம். ரேவதியின் பட்டுப்புடவையில் வடை மாவு தெறித்தது. செந்தில் மட்டும் அதே பிளந்த வாயோடு அசையாமல் இருந்தார். ராகுகாலத்துக்குப் பத்து நிமிடம்கூட இல்லை. ரேவதியின் கண் தளும்பியது. எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

அங்கே வடை தின்றுகொண்டிருந்த என் கருங்குழி ஊர் நண்பன் தாமு, என் போனை எட்டிப் பார்த்தான்.

“மச்சான், இது என் ஹாட்ஸ்பாட்டுடா! உனக்கு டேட்டா தீந்துபோச்சுன்னு வேன்ல வர்றப்போ குடுத்தேனே, இன்னும் அதுலயே கீற!”

போன் பேச வாசலுக்கு, காற்று வாங்க மாடிக்கு, வடைக்காகச் சமையல்கட்டுக்கு என்று தாமு போன இடமெல்லாம் என் நிச்சயதார்த்தமும் பின்னாலேயே போயிருக்கிறது.

முதலில் சிரித்தது ரேவதிதான். கண்ணைத் துடைத்துக்கொண்டே, “தாமு அண்ணா, அந்த ஹாட்ஸ்பாட்ட எங்க அப்பா போனுக்குக் குடுங்க,” என்றாள். குவைத்தில் செந்திலுக்கு உயிர் வந்தது.

“இன்னாபா இது, எல்லாரும் சமையக்கட்டுல குந்திகினு கீறீங்க?”

அண்டா பக்கத்திலேயே, நல்ல நேரத்திலேயே தட்டு மாற்றினோம். சிக்னல் போய்விடப் போகிறது என்ற பயத்தில், தாமுவை அசையவிடாமல் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார வைத்துவிட்டார் மாமனார். ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அவன் வடையோடு இருக்கிறான். அவ்வளவு சந்தோஷமாக நான்கூட எந்தப் படத்திலும் இல்லை.

போன மாதம் எங்கள் மகளுக்குக் காது குத்தினோம். செந்திலே நேரில் வந்திருந்தார். யாருக்கும் போன் போட வேண்டிய அவசியமே இல்லை. நான் பாயை விரிக்கப் போனேன். மாமனார் என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“இருங்க மாப்ள. தாமு எங்க குந்தறான்னு பாத்துகினு அப்பறம் விரிக்கலாம்.”