நின்னு போனது வண்டிதானுங்க

ஆனைமலை,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தி நாச்சிமுத்து அவர்களுக்கும், வடவள்ளி வீட்டில் உள்ள எல்லோருக்கும், தேங்காய் வியாபாரி மயில்சாமி கைகூப்பி எழுதிக்கொள்வது. "இன்னும் வெத்தலை மாத்தலீங்க, அதுக்குள்ள சம்பந்தின்னு எழுதலாமுங்களா?" என்று ராசம்மாள் பக்கத்தில் நின்று கேட்கிறாள். எழுதியாகிவிட்டது, அடிக்க மாட்டேன். இங்கே நான், அவள், மகன் கிருபா, களத்தில் காய்கிற கொப்பரை எல்லாம் சௌக்கியம். கார் மட்டும் கொஞ்சம் சீக்காகிப் படுத்து, இப்போது தேறி எழுந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முக்கியமான சரக்கை முதலில் இறக்கிவிடுகிறேன். போன புதன்கிழமை உங்கள் பெண் பூஜிதாவைக் கிருபாவுக்கு உறுதி செய்ய நாங்கள் வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போனது நிஜம். வழியிலிருந்து போன் பண்ணி "நின்னு போச்சுங்க" என்று நான் சொன்னதும் நிஜம். நின்று போனது வண்டிங்க. கல்யாணம் இல்லைங்க. உங்கள் வீட்டம்மா பதறி, "என்னுங்க நின்னு போச்சு?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. வண்டி என்று சொல்ல வாயைத் திறந்தேன், என் போனிலும் சார்ஜ் தீர்ந்து செத்துப் போயிற்று. ஒரே ஒரு வார்த்தையை முன்னால் போட்டுப் பேசியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. அதற்கப்புறம் நாங்கள் கூப்பிட்டால் உங்கள் பக்கம் யாரும் எடுப்பதில்லை. பூஜிதாவும் கிருபாவின் போனை எடுப்பதில்லை. பையன் தட்டில் சோற்றைப் போட்டால் அதிலே கோலம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். போனை நம்பிக் கெட்டேன், இனி பேனாதான் என்று எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்ததைக் கேளுங்கள். பட்டு வேட்டி, பட்டுச் சேலை, பூ, பழம், நம்ம தோப்பிலேயே பொறுக்கி எடுத்த தேங்காய் எல்லாம் ஏற்றி, ராசம்மாளின் அண்ணனை முன்சீட்டில் உட்கார வைத்து, மாசாணியம்மனை நினைத்துச் சாவியைத் திருப்பினேன். "டக்" என்றது. அவ்வளவுதான். திரும்பவும் திருப்பினேன், திரும்பவும் "டக்". விளக்கைப் போட்டால் பளிச்சென்று எரிகிறது, ஹாரனை அமுக்கினால் அடுத்த தெரு நாய் எழுந்து ஓடுகிறது, சாவியைத் திருப்பினால் மட்டும் எரிகிற விளக்கும் அணைந்து ஒரு "டக்". நான் இறங்கி பானெட்டைத் தூக்கி, பேட்டரியை விரலால் தட்டிப் பார்த்தேன். சைக்கிளில் இளநீர் கட்டி விற்ற காலத்திலிருந்து தட்டித் தட்டியே பிழைத்தவன், எனக்குத் தெரிந்தது அதுதான். சத்தம் கெட்டியாக இருந்தது. நல்ல காய், பேட்டரியில் குறையில்லை என்றேன். மைத்துனர் முன்சீட்டிலிருந்து இறங்காமலே, "மாப்ள, கெளம்பறப்பவே தடங்கல். எனக்கென்னமோ இது சரியாப் படலீங்க" என்றார். "ஏனுங்க மச்சா, வண்டி நின்னா மெக்கானிக்கைக் கூப்பிடோணும், சோசியரையா கூப்புடுவாங்க?" என்று நான் கேட்க, அதற்குள் ராசம்மாள், "எதுக்கால ஊட்டுக்காரன் நேத்துப் பூரா இந்தக் காரையே பார்த்துட்டு நின்னானுங்க. அவன்தான் கைய வெச்சுப்போட்டான். நான் கோயிலுக்குப் போயி மொளகா அரைச்சுப் பூசிப்போட்டுத்தான் காருல ஏறுவேன்" என்று கிளம்பிவிட்டாள். எங்கள் ஊர் அம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசினால் கெடுதல் செய்தவனுக்கு உடம்பெல்லாம் காந்தும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கல்யாணக் காரியம் முடியட்டும், அப்புறம் ஆற அமர அரைக்கலாம் என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

களத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் வந்து தள்ளினார்கள். கிருபாவும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினான். பெண் கேட்டுப் போகிறவன் எவனாவது இப்படித் தள்ளியிருப்பானா, நீங்களே சொல்லுங்கள். வண்டி உறுமிக் கிளம்பியது. பொள்ளாச்சி வரைக்கும் ராஜா மாதிரி வந்தோம். அங்கே பெட்ரோல் போட நிறுத்தினேன், பங்கில் இருந்த பெண் "இன்ஜினை ஆஃப் பண்ணுங்க சார்" என்றது, நானும் நல்ல பிள்ளையாக அணைத்தேன். அப்புறம் என்ன, "டக்". பின்னால் நின்றவர்கள் ஒரே ஹாரன், மைத்துனர் "நாஞ்சொல்லலீங்களா" என்று ஒரு பக்கம், ராசம்மாள் "மொளகா" என்று ஒரு பக்கம். அந்தச் சந்தைக்கடைச் சத்தத்தில் நின்றுகொண்டு பேசினதுதான் உங்களுக்கு வந்த அந்தப் பாழாய்ப் போன போன். டாக்சி பிடிக்கலாம் என்று நான் சொல்லச் சொல்ல, "ரெண்டு தடவை தடுத்த பின்னாலயும் போறது ஆகாதுங்க" என்று மைத்துனர் பஸ் ஏறி ஊருக்குத் திரும்பிவிட்டார். நல்ல நேரமும் அவரோடு பஸ் ஏறிவிட்டது.

பொள்ளாச்சியில் வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்க்கிற நிஜாம் நமக்கு வெகுநாள் பழக்கம். ஆள் விட்டதும் வந்தார். இன்னொரு கார் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தார், நம்ம வண்டி உடனே எடுத்துக்கொண்டது. "பேட்டரி போயிருச்சுங்கண்ணா, வேற போட்டுருவோம்" என்றார்.

"இல்ல நிஜாமு. தட்டிப் பார்த்துட்டேன், நல்ல காய்."

"அண்ணா, இது தேங்காயில்லீங்க."

"அப்ப மீட்டர் வெச்சுப் பாரு."

இன்ஜினை அணைத்து மீட்டர் வைத்தார். பேட்டரியில் சார்ஜ் முழுசாக இருக்கிறது. நான் ராசம்மாளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. சரி, ஸ்டார்ட்டர் மோட்டார் சிக்கியிருக்கும் என்று நிஜாம் கீழே படுத்து ஸ்பானரால் தட்டினார். தட்டுகிற வேலை என்றதும் எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது. சாவியைத் திருப்பினால் அதே "டக்". அடுத்தவன் பேட்டரி கொடுத்தால் வாங்கிக்கொள்கிற வண்டி, சொந்தப் பேட்டரி கொடுத்தால் ஏன் வாங்க மாட்டேன் என்கிறது? அவர் தலையைச் சொறிந்துகொண்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் குமிழிலும் இன்னொன்றை அதைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்பிலும் வைத்து, என்னைச் சாவி திருப்பச் சொன்னார். "மண்டையில கரண்ட் இருக்குது, கழுத்துக்கு எறங்க மாட்டீங்குது. நடுவால என்னமோ உக்காந்திருக்குதுங்கண்ணா" என்று கிளாம்பைக் கழற்றினவர், அப்படியே குனிந்த தலை நிமிராமல் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "அண்ணா, பேட்டரி வெள்ளையாப் பூத்துப் பார்த்திருக்கேன், பச்சையாப் பூத்துப் பார்த்திருக்கேன். செகப்பாப் பூத்து இப்பத்தான் பார்க்கறேன். வாசம் வேற தூக்குது. யாருங்க இதுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சது?"

நான்தானுங்க, திங்கட்கிழமை ஆயுத பூஜையன்று பண்ணி வைத்தேன். ஆயுத பூஜைக்கு எல்லோரும் ஸ்டீயரிங்குக்கும் பானெட்டுக்கும் பொட்டு வைத்துவிட்டு எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுப் போவார்கள். எனக்கு அரைகுறை வேலை ஆகாது. வண்டிக்கு உயிரே பேட்டரிதானே, அதற்கு வைக்காத பொட்டு என்ன பொட்டு என்று ரெண்டு கிளாம்பையும் கழற்றி, குமிழ் ரெண்டையும் துணியால் துடைத்து, ஈரச் சந்தனம் பட்டையாய்ப் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, அதன் மேலேயே கிளாம்பை மாட்டி முடுக்கினேன். ஈரத்தோடு இருந்த வரை அன்றைக்கு வண்டி நன்றாகத்தான் ஓடியது. சந்தனம் காய்ந்து ஓடாக இறுகினதும் கரண்டுக்குப் பாதை அடைத்துக்கொண்டது. விளக்குக்கும் ஹாரனுக்கும் சொட்டுக் கரண்ட் போதும், கசிந்து வந்தது. ஸ்டார்ட்டருக்கு வெள்ளமாய் வேண்டும், வரவில்லை. நிஜாம் வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினார். சாவியைத் தொட்டதும் கிளம்பியது. ராசம்மாள், "மொளகா அரைக்காம வந்தது நல்லதாப் போச்சுங்க. இந்நேரம் நீங்க எரிஞ்சு போயிருப்பீங்க" என்றாள்.

அங்கேயே போனைச் சார்ஜில் போட்டு உங்களைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எடுக்காத வீட்டு வாசலில் தட்டோடு வந்து நிற்பது மரியாதையல்ல என்று திரும்பிவிட்டோம். வந்து பார்த்தால், மைத்துனர் புண்ணியத்தில் ஊரெல்லாம் "நின்னு போச்சாம்".

சம்பந்தி, ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். நாங்கள் முதல் முறை வந்தபோது, கொண்டுவந்த தேங்காய்களில் ஒன்றைப் பூஜிதா அம்மணி எடுத்துத் தட்டிப் பார்த்து, "மாமா, இது தண்ணி வத்துன காயிங்க, சாமிக்கு வேண்டாம், சட்னிக்கு வெச்சுக்கலாம்" என்றது. உடைத்தால் அப்படியே. வியாபாரி கொண்டுவந்த காயை வியாபாரியின் எதிரிலேயே தட்டித் தள்ளிய பெண்ணை நான் எங்கே போய்த் தேடுவேன்? கிருபாவுக்குப் பிடித்தது அவன் பாடு. எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. உங்கள் பக்கமும் குறையில்லை, எங்கள் பக்கமும் குறையில்லை. நடுவில் மங்களச் சரக்கு கொஞ்சம் கூடுதலாக அப்பிக்கொண்டது, அவ்வளவுதான். சுரண்டி எடுத்தாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை காலை வருகிறோம். வேண்டாம் என்றால் போனை எடுத்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எடுக்காவிட்டால் சம்மதம் என்று வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். வண்டியைப் பற்றி நீங்கள் துளியும் கவலைப்பட வேண்டாம், இனி அது நிற்கவே நிற்காது.

உங்கள் வீட்டம்மாவிடம் நான் பாதியில் விட்ட பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். பூஜிதா அம்மணிக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதம், கிருபாவின் போனை எடுக்கச் சொல்லி ஒரு சிபாரிசு. மாசாணியம்மன் ரெண்டு வீட்டையும் குளிர்ச்சியாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி (அடிக்கவில்லை),
மயில்சாமி.

பின்குறிப்பு: மேலே கண்டதை எழுதி மடித்து, மறுநாள் கூரியரில் போடக் காரை எடுத்தேன். "டக்". கிளாம்பைக் கழற்றிப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி இருக்கிறது. நிஜாமுக்குப் போன் போட்டால், "அப்ப ஸ்டார்ட்டரும் போயிருக்குதுங்கண்ணா, சாமான் கோயமுத்தூர்ல இருந்து வரோணும், அடுத்த வாரம் ஆகுமுங்க" என்கிறார். பரவாயில்லை, தள்ளினால் கிளம்புகிறது, வெள்ளிக்கிழமை வருவது வருவதுதான். உங்கள் வீட்டு வாசல் இறக்கமா, மேடா என்று மட்டும் தெரியப்படுத்துங்கள். மேடாக இருந்தால், உங்கள் சொந்தத்தில் நல்ல திடமான ஆட்களாகப் பார்த்து முதல் பந்தியிலேயே உட்கார வைத்து, வயிறாரச் சாப்பிட வைத்துவிடுங்கள்.