பிஸ்கட் கம்பெனியை வாங்கலாமா?

"அஞ்சு பேரு வேணும் கோபி. நீ ஒருத்தனே அஞ்சு பேராட்டப் பேச முடியாது" என்றாள் தமிழ்ப்ரியா.

முடியும் என்றுதான் கோபிநாத்துக்குத் தோன்றியது. அவள் எதிரில் இருந்தால் அவன் ஐம்பது பேராகவும் பேசுவான், மனசுக்குள். வெளியே ஒரு வார்த்தை வராது.

இருவரும் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள், சேர்ந்து பி.காம் படித்தவர்கள். அவன் அப்பாவின் தென்னந்தோப்போடு நின்றுவிட்டான். அவள் கோயமுத்தூரில் எம்.பி.ஏ. முடித்து, மும்பையில் ஒரு முதலீட்டு வங்கி வேலைக்கு முயன்றுகொண்டிருந்தாள். அதில் ஒரு சுற்று, குழு விவாதம். ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கலாமா என்று முன்பின் தெரியாதவர்களை உட்கார வைத்துப் பேச விடுவார்கள். அரை மணி நேரத்தில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும். யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று ஓரமாக இருந்து மார்க் போடுவார்கள்.

பழகிப் பார்க்க ஆள் வேண்டுமே. கோபிநாத் தன் வீட்டையே குழுவாக்கினான். அப்பா ஆறுச்சாமி, அம்மா சின்னத்தாயி, தமிழ்ப்ரியாவின் தங்கை யோகப்பிரியா, கூடவே இவர்கள் இருவரும். சாயங்காலமானால் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாற்காலி போட்டுவிடுவான்.

முதல் கேஸ்: பெரிய பிஸ்கட் கம்பெனி, ஒரு சின்ன பிஸ்கட் கம்பெனியை வாங்கலாமா?

"விக்கக் கூடாது" என்றார் ஆறுச்சாமி. "பாட்டன் கட்டுன கம்பெனி."

"பாட்டன் கேஸ்லயே இல்லீங் மாமா" என்றாள் தமிழ்ப்ரியா.

"பாட்டன் இல்லாம கம்பெனி எப்படி கண்ணு வந்துச்சு?"

சின்னத்தாயி, கடைசியாக யார் பேசினார்களோ அவர்களுக்குத் தலையாட்டினாள். கோபிநாத், தமிழ்ப்ரியா எதைச் சொன்னாலும் "ஆமா" என்றான்.

"நீ எதுத்துப் பேசோணும் கோபி. அங்க வர்றவங்க ஆமாம் போட மாட்டாங்க."

மறுநாள் எதிர்த்துப் பேசினான். இரண்டாவது வாக்கியத்திலேயே ஆறுச்சாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஊட்டுக்கு வந்த புள்ளகிட்ட என்றா எதுத்துப் பேச்சு?" மிச்ச நேரம் முழுக்க மகனுக்கு அர்ச்சனை.

வாங்குகிற கம்பெனியாக அப்பாவை வைத்தால் அடங்குவார் என்று கோபிநாத் யோசனை சொன்னான். ஆறுச்சாமி தோளிலிருந்த துண்டை எடுத்து மகனின் கைமேல் போட்டு, அடியில் அவன் விரல்களைப் பிடித்து அமுக்கினார்.

"என்னங் மாமா பண்றீங்க?"

"வெல பேசறேன் கண்ணு. மாட்டுச் சந்தையில நாலு பேரு கேக்கவா வெலயச் சொல்லுவாங்க?"

பேச்சே இல்லாமல் கம்பெனி கைமாறியது. எவ்வளவுக்கு என்று மற்ற யாருக்கும் தெரியவில்லை.

அடுத்து ஒரு விதி போட்டான்: கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். கரண்டி சின்னத்தாயியிடம் போனது, திரும்பி வரவில்லை.

"ஏங்கண்ணு, அங்க நம்ம சோறு கெடைக்குமா? ராத்திரி எத்தன மணிக்கு ஊட்டுக்கு உடுவாங்க? அத்தன தொலவு போயே ஆகோணுமா?"

அந்தக் கடைசிக் கேள்வி, மூன்று வருஷமாகக் கோபிநாத் கேட்க நினைத்து விழுங்கியது.

"அது கேஸ்ல இல்லீங் அத்த" என்றாள் தமிழ்ப்ரியா, தாளிலிருந்து தலை தூக்காமல்.

வைகாசி போய் ஆனி வந்தது. விவாதம் நிற்கவில்லை. அவள் பேச்சு தெளியத் தெளிய மும்பை கிட்டே வருகிறது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் தினமும் அவள் வருமுன் நாற்காலிகளைத் துடைத்து வைத்தான். அவள் போனபின் அவளுடைய நாற்காலியை மட்டும் ஓரம்கட்ட மனம் வராது.

அவள் மும்பைக்குக் கிளம்புமுன் கடைசி விவாதம். கரண்டி கோபிநாத் கையில்.

"சின்னக் கம்பெனி போகக் கூடாது. இங்கயே இருக்கட்டும்" என்றான்.

"காரணம்?"

"இருந்தா நல்லா இருக்கும்."

"யாருக்கு?"

மேற்குக் காற்று ஜன்னலை அடித்தது. அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பங்குதாரர்களுக்கு" என்றான் கோபிநாத்.

"சரி. இதுக்கு மார்க் போடுவாங்க" என்று அவள் தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

இரண்டு நாள் கழித்து பாலக்காடு ஸ்டேஷனில் அவளுடைய பெட்டிகளை கோபிநாத்தான் ரயிலில் ஏற்றினான். ஒவ்வொன்றும் மூட்டை நெல் கனம். துணைக்கு அவள் அப்பாவும் போகிறார்.

"ஒரு பரீட்சைக்கு இத்தன பெட்டியா?"

"நீ என்னைக்காச்சும் கேக்க வேண்டியதக் கேட்டிருக்கியா கோபி?" என்றாள் அவள். சிரிக்கப் பார்த்தாள்; சரியாக வரவில்லை.

ரயில் நகர்ந்தது. கடைசிப் பெட்டியும் மறைந்தபிறகு, பக்கத்தில் நின்ற யோகப்பிரியாவிடம் அவன் தைரியமாகச் சொன்னான்: "உங்கக்கா நல்லாப் பேசிருவா. செலக்ட் ஆகாட்டியும் பரவால்ல, நாலே நாள்ல திரும்பி வந்துருவா."

யோகப்பிரியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "திரும்பி எங்கீங் மாமா வருவா? வேலைல சேரப் போறா. அந்தக் குரூப் ரவுண்டு ஆன்லைன்ல வைகாசிலயே முடிஞ்சு பாஸும் பண்ணிட்டா. அப்பறமும் தெனம் எதுக்கு உங்க ஊட்டுக்கு வந்துட்டிருந்தான்னு உங்களுக்கு நெசமாவே தெரியலீங்களா?"