லேமினேஷன் போட்ட குறைகள்

தன் குறைகளைத் தானே டைப் அடித்து, அதற்கு லேமினேஷனும் போட்டு வைத்துக்கொண்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ரூல்ஸ் பாவா. பாவா என்றால் தெலுங்கில் அக்கா புருஷன். முப்பத்தைந்து வயது வரை அவர் யாருக்குமே புருஷனாகவில்லை என்பது வேறு விஷயம். ஊரே அவரைப் பாவா என்றுதான் கூப்பிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் யாரோ ஒரு காலேஜ் மாணவர் ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்த இங்கிலீஷ் புத்தகத்தைத் திரும்ப வாங்க வரவே இல்லை. டிராகன், மந்திரவாதி, குகை என்று கதை கட்டி, நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டத்தின் விதிப் புத்தகம் அது. பாவா அகராதியும் கையுமாக உட்கார்ந்து படித்து முடித்தார். எங்களுக்குச் சனி பிடித்தது அன்றைக்குத்தான்.

ஆட்டத்தில் இறங்கும் முன் ஆளுக்கொரு வீரனை உருவாக்க வேண்டும். வலு, வேகம், அறிவு, பேச்சு, தைரியம், அதிர்ஷ்டம் ஆறுக்கும் சேர்த்து அறுபது புள்ளி. இஷ்டம்போல் பிரித்துக்கொள்ளலாம். பத்தாதென்றால் வீரனுக்கு ஒரு குறை எழுதிக்கொள்ள வேண்டும், ஐந்து புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். குறை தீர்ந்துவிட்டால் அந்த ஐந்தைத் திருப்பித் தர வேண்டும். இதுவரை புத்தகம். வீரனுக்கு எதைப் போட்டாலும் நாமே அதைச் செய்து காட்ட வேண்டும் என்பது பாவா தன் பங்குக்குச் சேர்த்தது.

மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் குடும்பத்துக் குமார், வலுவுக்கு இருபது போட்டான்.

"இருபதா? மலைப்படி முந்நூத்தி அறுபத்தஞ்சும் நிக்காம ஏறிக் காட்டு நைனா."

குமார் தினமும் ஏறுகிறவன். ஏறி இறங்கி வந்து, "இன்னும் ரெண்டு சேத்துப் போடுங்க பாவா" என்றான். நான் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஏழுதான். அந்த ஆத்திரத்தில் நாய்ப் பயம் என்று ஒரு குறையை எழுதி ஐந்து புள்ளி வாங்கினேன். உண்மையிலேயே எனக்கு நாய் என்றால் நடுக்கம். பாவா சும்மா விடுவாரா? டிராகன் குகை வாசலில் ஒரு தெருநாயைப் படுக்க வைத்தார். என் வீரன் கையில் வாளோடு ஆறு ஞாயிற்றுக்கிழமை வெளியிலேயே நின்றான்.

"பாவா, அத எழுப்பி அனுப்பிடுங்களேன்."

"அது பாட்டுக்குத் தூங்கிகினு இருக்குது. உனுக்கு இன்னா பண்ணுச்சு?"

இப்படிப்பட்ட பாவாவுக்குப் பொதட்டூர்பேட்டையில் ஒரு சம்பந்தம் வந்தது. தறி வைத்திருக்கும் வீடு. பெண் பெயர் வசந்தா. ஏற்கெனவே ஐந்து இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இனிமேல் பெண் தேடுவதில்லை என்று அவர் அம்மா சொல்லிவிட்டார். பெண் வீட்டில் பயோடேட்டா கேட்டார்கள். பாவா ஆட்டத்து விதிப்படி தன்னையே எழுதினார். அறிவு இருபது, தைரியம் பதினெட்டு, பேச்சு பத்து என்று ஆறும் வரிசையாக. கீழே குறைகள்: சட்டென்று கோபம் வரும், முட்டி வலி, முன்மண்டையில் வழுக்கை. கடைசியில் பொடி எழுத்தில் விதிகள் வேறு.

"பாவா, கொறைய மட்டும் எடுத்துடுங்க" என்று கெஞ்சினேன்.

"கொறை எழுதாத ஆளு ஆட்டத்துல செல்லாது. லேமினேஷனும் போட்டுட்டேன்."

பாவாவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே பஸ் ஏறினார். துணைக்கு நானும் குமாரும் போனோம்.

பெண்ணின் அப்பா எல்லாரும் கேட்கும்படி அட்டையை உரக்கப் படித்தார். முட்டி வலி என்ற இடம் வந்தபோது கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

"இன்னாங்க இது, கொறைய நீங்களே எழுதிகினு வந்திருக்கீங்க?"

உள்ளேயிருந்து வசந்தா வந்து அட்டையை வாங்கினாள். பொடி எழுத்தையும் விடாமல் படித்தாள். விரல் விட்டுக் கூட்டினாள்.

"அறுபது. மூணு கொறைக்குப் பதினஞ்சு. எழுபத்தஞ்சுதான் வரணும், நீங்க எண்பது போட்டிருக்கீங்க. இன்னொரு கொறை எங்கங்க?"

இத்தனை வருஷம் ஆடிய எங்களுக்குத் தோன்றாத கேள்வி. பாவாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"இருட்டுன்னா பயங்க. லைட்டு போட்டுகினுதான் தூங்குவேன்."

"தைரியம் பதினெட்டுன்னு இருக்குதே?" என்றார் அப்பா.

"அது பகலுக்குங்க."

வசந்தா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுத் தறி நின்றது. "இதுவரைக்கும் வந்தவங்கள்லாம் கொறையே இல்லாதவங்க நைனா" என்று அப்பாவிடம் சொன்னாள். "இவரையே முடிச்சுடுங்க."

போன மாதம் கடைக்குப் போயிருந்தேன். அதே அட்டை சுவரில் தொங்கியது. இருட்டுப் பயத்தின் மேல் மார்க்கரால் ஒரு கோடு. பேச்சு பத்து, ஐந்தாகியிருந்தது.

"பயம் போயிடுச்சு. அஞ்சத் திருப்பிக் குடுக்கணுமில்ல? பேச்சுல எடுத்துட்டேன். வீட்ல அவளே பேசிக்கறா" என்றார் பாவா. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமா, உன் நாய்ப் பயம் இன்னா ஆச்சு?"

"அப்படியேதான் இருக்குது பாவா."

வீட்டில் இரண்டு நாய் வளர்க்கிறேன். சொன்னால் அந்த ஐந்து புள்ளியைத் திருப்பிக் கேட்பார். பாவா கொடுத்த எதையும் திருப்பித் தர எனக்கு மனசு வரவில்லை.