புழுதிப்பட்டு வழக்கும் செண்பகத்தின் மூச்சும்

சென்னை மாகாணத்தின் வைத்திய சரித்திரத்தை என்றைக்காவது யாராவது எழுத உட்கார்ந்தால், முதல் அத்தியாயத்தை மயிலாப்பூர் கச்சேரி ரோடில்தான் ஆரம்பிக்க வேண்டும். 1934-ஆம் வருஷம், ஒரு திங்கட்கிழமைக் காலை, அந்த ரோடில் வக்கீல் குமாஸ்தா பொன்னுரங்கம் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தார். கையில் ஒரு கண்ணாடிப் புட்டி. அதன் வாயில் அரக்கு முத்திரை. உள்ளே தூசி.

"தியாகராய நகர் போகணும், சீக்கிரம்!" என்று மெஹபூப் பாஷாவின் ஜட்காவில் தாவி ஏறினார்.

"இன்னா சார் அது புட்டில? விபூதியா?"

"தூசி."

"தூசிக்கா இந்த ஓட்டம்? நம்ம வண்டிலயே எவ்ளோ வோணும்னாலும் கீதே, வழிச்சிக்க!"

"இது எஜமான் வீட்டுத் தூசி. டாக்டர் கேட்டிருக்கார்."

மெஹபூப் பாஷா குதிரையைப் பார்த்தார். குதிரையும் ஒரு மாதிரியாகத்தான் திரும்பிப் பார்த்தது.

எஜமான் என்பது வக்கீல் தணிகாசல முதலியார். அவருடைய ஒரே பெண் செண்பகத்துக்கு ஏழு வயது. இரண்டு வருஷமாக அவளுக்கு ஓயாத தும்மல். கண் இரண்டும் வீங்கிப் போகும். நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவார்கள். படுத்தால் மூச்சு முட்டும் என்று உட்கார்ந்தே தூங்குவாள். மற்ற தகப்பன்மார்கள் ஒரு வைத்தியரைக் கூப்பிடுவார்கள். முதலியார் ஒரு கமிட்டியே அமைத்தார். தலைவர் அவர், காரியதரிசி பொன்னுரங்கம்.

முதல் கூட்டத்துக்கு ஹகீம் குலாம் ரசூல் வந்தார். நாடி பார்த்தார். பிறகு அறையைப் பார்த்தார். நாலு சுவரிலும் தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் சிவப்பு நாடா கட்டிய வழக்குக் கட்டுகள். அவற்றின் மேல் விரல் பருமனுக்குத் தூசி. நடுவில் செண்பகத்தின் கட்டில்.

"ஜன்னலைத் திறங்க ஐயா. இந்தக் காகிதமெல்லாம் வெளியே போகட்டும். மருந்து அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

பொன்னுரங்கம் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதினார்: 'ஹகீம் அவர்களின் யோசனையில் மருந்து ஏதும் காணப்படாமையால், அது வைத்தியம் ஆகாதெனத் தீர்மானிக்கப்பட்டது.' ஹகீமுக்கு அடுத்த கூட்டத்துக்கு அழைப்புப் போகவில்லை.

கட்டுகளைத் தொடுவதாவது! அவை புழுதிப்பட்டு எஸ்டேட் பாகப்பிரிவினை வழக்கின் கட்டுகள். முதலியார் ஜூனியராக இருந்த காலத்தில், வாய்தாவுக்கு முதல் நாள் எவனோ கட்டைத் தூசி தட்டப்போய், மறுநாள் கேஸ் தள்ளுபடியாகிவிட்டதாம். அன்று முதல் தூசி தட்டக்கூடாது என்பது அந்த ஆபீஸின் சட்டம். காகிதம் பறக்கக்கூடாது என்று ஜன்னல் திறப்பதில்லை. தெருச் சத்தம் வராததால் குழந்தைக்கு அதுவே 'உத்தமமான' அறை. புதிதாக வரும் கட்சிக்காரர்களை அந்த அறை வாசலுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். கட்டுகளை அண்ணாந்து பார்த்த மாத்திரத்தில் அவர்கள் வாய் பிளந்துவிடும்.

பொன்னுரங்கத்துக்கு அந்த வழக்கைப் பற்றி ஒரு விஷயம் தெரியும். ஆனால் நல்ல குமாஸ்தா கேட்காததைச் சொல்லமாட்டார்.

இரண்டாம் கூட்டத்துக்கு சீமையில் படித்த தியாகராய நகர் டாக்டர் வந்தார். குழந்தையின் முதுகில் நாற்பது இடத்தில் கீறி, குதிரை மயிர், கோழி இறகு, இறால் என்று நாற்பது சத்துகளைத் தடவினார். முப்பத்தொன்பது சும்மா இருந்தன. ஒன்று மட்டும் எலுமிச்சம்பழமாய் வீங்கிற்று.

"அலர்ஜி! வீட்டுத் தூசி!" என்றார் டாக்டர், புதையல் கண்டவர்போல.

"அப்படியானால் அந்தத் தூசியை...?" என்று முதலியார் இழுத்தார்.

"ஊசியாகப் போட வேண்டும். வாரம் ஒன்று. உங்கள் வீட்டுத் தூசியாகவே கொடுத்தனுப்புங்கள்."

கூடம் பெருக்கிக்கொண்டிருந்த பச்சையம்மா நிமிர்ந்தாள். "தூசிதான் கோளாறுன்னா தொடப்பம் என் கைல கீதே எஜமான். ஊசி இன்னாத்துக்கு?"

"உன் தொடப்பம் எந்தக் காலேஜில் படிச்சது?" என்றார் முதலியார். கமிட்டி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. உள்ளே செண்பகம் தும்மினாள்.

ஆக, புட்டி போயிற்று, ஊசி வந்தது. ஆறு வாரம் முடிந்தபோது விசில் எதிர் வீடு வரைக்கும் கேட்டது. கமிட்டி அவசரமாகக் கூடி 'காற்று மாற்றம்' தீர்மானித்தது. அடையாறில், கடலைப் பார்த்து ஒரு பங்களா பிடித்தார்கள். மகளோடு முதலியாரும் போவதால், தேடி வரும் கட்சிக்காரர்கள் ஏமாறக்கூடாதல்லவா? கட்டுகளும் மூன்று மாட்டு வண்டிகளில் புறப்பட்டன.

குழந்தை முதலில் போய்ச் சேர்ந்தாள். முன்னால் போன வண்டிக்கு அடையாற்றுப் பாலத்தருகே அச்சு முறிந்ததில், பின்னால் வந்த இரண்டும் அங்கேயே நின்றுவிட்டன. இரண்டு நாள்! அந்த இரண்டு நாளும் செண்பகம் மணலில் ஓடினாள். இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கித் தின்றாள். மல்லாந்து படுத்துத் தூங்கினாள்.

"பாத்தியா நைனா, பாப்பா மூச்சு வுட்ற சத்தமே கேக்கல" என்று பச்சையம்மா பொன்னுரங்கத்திடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொன்னுரங்கம் பாலம் இருந்த திசையைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் காலை கட்டுகள் வந்து, கட்டிலைச் சுற்றி அடுக்கப்பட்டன. மத்தியானம் விசில் ஆரம்பமாயிற்று.

"கடற்காற்று மூன்றாம் நாளில்தான் தன் சுயரூபத்தைக் காட்டும்" என்று டாக்டர் விளக்கினார். அவருடைய ஞானத்தைக் கமிட்டி மெச்சியது. அடுத்து ஊட்டி என்று தீர்மானம். "ஒரு கட்டுகூட விட்டுப்போகக் கூடாதய்யா!" என்று முதலியார் உத்தரவு போட்டார்.

பொன்னுரங்கம் கட்டுகளை எண்ண உள்ளே போனார். செண்பகம் கட்டிலில் குந்தியிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"மாமா, இந்தக் கேஸ் எப்போ ஜெயிக்கும்?"

"ஏன் கண்ணு?"

"ஜெயிச்சா... கட்டெல்லாம்... போயிடுமில்லே?"

பொன்னுரங்கம் கட்டுகளை மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். "சீக்கிரம் ஜெயிச்சிடும்" என்றார்.

குழந்தை நம்பவில்லை. தலைமாட்டிலிருந்த கட்டின் மேல் பாவாடை நுனியால் ஒரு துடைப்புத் துடைத்தாள். ஆபீஸ் சட்டம் முதன்முதலாக மீறப்பட்டது. ஒன்பது தும்மல் தும்மினாள். தூசிக்கு அடியிலிருந்து ஒரு சீட்டு எட்டிப் பார்த்தது. எழுத்து பொன்னுரங்கத்தினுடையது. இரண்டாம் வகுப்புக்காரி எழுத்துக் கூட்டிப் படித்தாள்:

"'புழுதிப்பட்டு... வழக்கு. இரு கட்சிக்காரரும்... சம்பந்தியானபடியால்... ராஜியாகி முடிந்தது. 1924.'"

விரல் விட்டு எண்ணினாள். நடுவில் இரண்டு தடவை மூச்சுக்காக நிறுத்தவேண்டியிருந்தது. பிறகு நிமிர்ந்து கேட்டாள்:

"மாமா... அப்போ நான் பொறக்கவே இல்லையே?"