நூற்றுக்கு நூறு முதல் தரம்

சமத்துவத்தைக் கொண்டுவர உலகத்தில் எத்தனையோ பேர் முயன்று பார்த்திருக்கிறார்கள். அது கைகூடியது விருத்தாசலத்திலுள்ள மணிமுத்தாற்றுப் பல்கலைக்கழகத்தில் மட்டுமே. அதுவும் ஆறே வாரத்தில், ஒரே ஓர் ஆளை வைத்து.

அந்த ஓர் ஆள், கணினி மையத்தின் தற்காலிகத் தொழில்நுட்ப உதவியாளர் தனபால். 'தற்காலிகம்' என்றால் ஒன்பது வருஷம். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவரை வேலையை விட்டு அனுப்புவார்கள். ஒருநாள் வீட்டில் உட்காரவைத்துவிட்டு, மறுநாள் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல மறுபடியும் சேர்த்துக்கொள்வார்கள். இந்தக் கண்டுபிடிப்பு இதுவரை ஒன்பது முறை நடந்திருக்கிறது.

மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இணையதளத்தில் இருக்கிற பாடக்குறிப்பு, அறிவிப்பு, படிவம் எல்லாவற்றையும் மாற்றுத்திறனாளிகள் பிறர் உதவியின்றிப் படிக்கும்படி மாற்ற வேண்டும். கெடு ஆறு வாரம். ஒரு சோதனை மென்பொருள் கோப்பு கோப்பாகப் பார்த்து, பிழையில்லாத கோப்புகள் நூற்றுக்கு எத்தனை என்று மதிப்பெண் போடும்.

பதிவாளர் பழமலைநாதன் அன்றைக்கே 'அணுகல் உயர்மட்டக் குழு'வை அமைத்தார். உயர்மட்டம் என்பதால் லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடியில் கூடினார்கள். பார்வையில்லாத மாணவி ஒருத்தியாவது குழுவில் இருக்கவேண்டும் என்பது விதி. பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு வேல்விழியின் பெயரைச் சேர்த்தார்கள். அழைப்புக் கடிதத்தைக் கையெழுத்து முத்திரையோடு படம் பிடித்து இணையதளத்தில் ஏற்றினார்கள். வேல்விழியின் போன் எழுத்து இருந்தால் படித்துக்காட்டும். படமாக இருந்தால் "படம்" என்று மட்டும் சொல்லும். சொன்னது. "உறுப்பினர் காரணம் தெரிவிக்காமல் வரவில்லை" என்று கூட்டக் குறிப்பில் ஏறியது.

வரலாற்றுத் துறைப் பேராசிரியர் கோகுலகிருஷ்ணன்தான் முதல் ஆலோசனையை வழங்கினார்.

"எழுத்தைப் பெருசாக்கிட்டா போச்சு. இதுக்கு எதுக்குக் கமிட்டி?"

"சார், அவங்களுக்குக் கண்ணு தெரியாதுங்க" என்றார் தனபால்.

"அதனாலதான்யா பெருசாக்கச் சொல்றேன்!"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முந்திரிப் பக்கோடா வந்தது, போனது. எல்லாரும் இறங்கியபின் பதிவாளர் தனபாலை மட்டும் நிறுத்தினார்.

"தனபாலு, நூத்துக்கு நூறு வாங்கிக் குடு. ஒன் பர்மனென்ட் ஆர்டர்ல அன்னிக்கே கையெழுத்துப் போடறேன். சாமி சத்தியமா."

தனபாலுக்குக் கண்ணில் தண்ணீர் தளும்பிவிட்டது. பர்மனென்ட்! அந்த வார்த்தைக்காக அவர் வீட்டில் வண்டி வாங்குவது, பிள்ளையை நல்ல பள்ளியில் சேர்ப்பது எல்லாம் ஒன்பது வருஷமாகக் காத்துக்கிடந்தன.

சோதனை மென்பொருளை ஓடவிட்டார். மொத்தம் 6,214 கோப்புகள். மதிப்பெண் இரண்டு. அந்த இரண்டு விழுக்காட்டைப் பெற்றுத் தந்தவை எவை என்று பார்த்தார். 'விரைவில் வெளியிடப்படும்' என்ற ஒற்றை வரி மட்டும் போட்டுப் பல வருஷமாகக் கிடந்த பக்கங்கள். அடேயப்பா, அவற்றில் ஒரு பிழைகூட இல்லை!

மறுநாள் வேல்விழி கோலைத் தட்டிக்கொண்டு கணினி மையத்துக்கு வந்தாள். கம்மாபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள்.

"அண்ணா, கோகுலகிருஷ்ணன் சாரு நோட்ஸு அஞ்சு யூனிட்டும் சைட்டுல இருக்குதாம். பசங்கல்லாம் படிக்கிறாங்க. எனக்குப் படம், படம், படம்னே சொல்லுது. போன வருஷமும் இந்தப் பேப்பர்தான் போச்சு. இந்த வாட்டியும் போச்சுன்னா வூட்டுல படிச்சது போதும்னுடுவாங்கண்ணா."

தனபால் திறந்து பார்த்தார். கோகுலகிருஷ்ணனின் கையெழுத்து நோட்டைப் பக்கம் பக்கமாகப் போனில் பிடித்திருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பேராசிரியரின் கட்டைவிரல் தவறாமல் ஆஜராகியிருந்தது.

"நான் டைப் அடிச்சுத் தரேம்மா. அஞ்சும் தரேன். கவலப்படாத" என்றார் தனபால். மனதாரத்தான் சொன்னார்.

ஒரு வாரம் உட்கார்ந்து முதல் யூனிட்டை அடித்து முடித்தார். வேல்விழி அங்கேயே நின்று போனைக் காதில் வைத்துக் கேட்டாள். "பல்லவர் காலத்து நில தானங்கள்" என்று போன் ஆரம்பித்ததும் அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்துத் தனபாலுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. போனிலேயே பதிந்துகொண்டு, "மீதி நாலையும் சீக்கிரம் குடுத்துடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மென்பொருளை ஓடவிட்டார். மதிப்பெண் இரண்டு. அசையவே இல்லை.

"ஒரு வாரமா என்னய்யா புடுங்கன?" என்று பதிவாளர் கனிவோடு விசாரித்தார். "ஒரு புள்ளைக்கு ஒரு யூனிட்டா? நான் ஒங்கிட்ட நூறு கேட்டேன்யா, நூறு!"

அன்று சாயங்காலம் தனபால் தன் மனைவி சிந்தாமணியை அழைத்துவரப் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போனார். அவள் ஒரு கம்பெனியில் தரம் பிரிக்கிற பிரிவில் இருக்கிறாள். சூளையிலிருந்து வருகிற ஃபியூஸ் கட்டையை ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் சுண்டி ஓசையைக் கேட்பாள். கணீரென்றால் பெட்டிக்குள் போகும். இல்லையென்றால் சுத்தியால் ஒரு போடு போட்டுப் பின்பக்கத்து மேட்டில் வீசுவாள். பெட்டியின்மேல் 'நூற்றுக்கு நூறு முதல் தரம்' என்று ஒட்டியிருந்தது.

தனபால் பெட்டியைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். மறுபடியும் பெட்டியைப் பார்த்தார்.

"சிந்தாமணி, இன்னிக்கு எவ்ளோ ஒடச்ச?"

"பாதிக்கு மேல ஒடசல்தான். களிமண்ணு சரியில்ல."

"அப்பறம் எப்புடி நூத்துக்கு நூறு?"

"ஒடச்சத யாருங்க எண்ணுவா? பொட்டியில இருக்கறத எண்ணுவாங்க."

தனபாலுக்கு உடம்பு சிலிர்த்தது. மாபெரும் சிந்தனைகள் எல்லாம் இப்படித்தான், மனைவி கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது பிறக்கின்றன.

மறுநாள் காலையிலேயே உடைக்கத் தொடங்கினார். பழைய சுற்றறிக்கைகள் போயின. மதிப்பெண் ஏழு. துணைவேந்தர் குத்துவிளக்கு ஏற்றும் படங்கள் ஆயிரத்து இருநூறு போயின. தேர்வு முடிவுகள் போயின, நாற்பது. விடுதிப் படிவம், பஸ் பாஸ் படிவம், கட்டண விவரம் எல்லாம் போயின, எண்பது. பதிவாளர் பின்னால் நின்று, "அப்புடிப் போடு! அப்புடிப் போடு!" என்று தேர் வடம் இழுப்பவரைப்போல உற்சாகப்படுத்தினார். மென்பொருள் குப்பைத்தொட்டியையும் நகல் வைத்திருந்த இடத்தையும் சேர்த்து எண்ணுகிறது என்று தெரிந்ததும் அவற்றையும் துடைத்துவிடச் சொன்னார்.

தொண்ணூற்று ஆறில் வந்து நின்றது. பிழையோடு மீதமிருந்தவை கோகுலகிருஷ்ணனின் ஐந்து யூனிட் படங்கள்.

தனபாலின் விரல் நின்றது. 'நாலு யூனிட் அடிக்கணுமே, அந்தப் பொண்ணு காத்துக்கிட்டிருக்குமே' என்று பதிவாளரைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், இத மட்டும் வுட்டுருவோம் சார். அந்தப் புள்ள பரிச்சைக்கி…"

"தொண்ணூத்தாறு போதும்னா சொல்லு. நானும் ஒன்ன தொண்ணூத்தாறு சதவீதம் பர்மனென்ட் பண்றேன்."

வாத்தியார் வீட்டில் அசல் நோட்டு இருக்கும், வாங்கி அடித்துக்கொள்ளலாம் என்று தனபால் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பொத்தானை அழுத்தினார்.

நூறு.

பாராட்டு விழாவில் துணைவேந்தர் பொன்னாடை போர்த்தினார். பதிவாளர் முழங்கினார்: "இன்று நம் இணையதளத்தில் ஒரு மாற்றுத்திறனாளியால் படிக்க முடியாத கோப்பு என்று ஒன்றுகூடக் கிடையாது!" சத்தியமான பேச்சு. சும்மா சொல்லக் கூடாது, அதில் ஒரு சொல்லைக்கூட யாராலும் மறுக்க முடியாது.

வேல்விழியை மேடைக்கு அழைத்து, அவள் போனில் இணையதளத்தைத் திறக்கச் சொல்லி, பக்கத்தில் மைக்கை நீட்டினார்கள். போன் திக்காமல் திணறாமல் படித்தது: "விரைவில் வெளியிடப்படும்."

அரங்கமே எழுந்து கைதட்டியது. வேல்விழி மைக்கை நோக்கி ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் தேசிய கீதத்தைப் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் தனபால் கோகுலகிருஷ்ணனிடம் ஓடினார்.

"சார், அந்த நோட்டு இருக்குதுங்களா?"

"எந்த நோட்டு? ஓ, அதுவா! அதான் எல்லாம் டிஜிட்டல் ஆயிடுச்சேன்னு இந்தப் போகிக்குக் கொளுத்திட்டேம்ப்பா. பதினெட்டு வருஷத்து நோட்டு. என்னமா எரிஞ்சுது தெரியுமா!"

பரீட்சைக்கு நான்கு நாள். அந்தப் பெண்ணைத் தேடிப்போய்ச் சொல்லியாக வேண்டும் என்று தனபால் நினைத்தார். ஆனால் அதைவிட அவசரமான காரியம் ஒன்று பதிவாளர் அறையில் இருந்ததால் அங்கே போனார்.

பழமலைநாதன் சொன்ன சொல் தவறாதவர். கையெழுத்துப் போட்ட ஆர்டரை எடுத்து ஆட்டிக் காட்டினார்.

"இந்தா பாரு, போட்டுட்டேன். ஆனா ஒண்ணு. ஆர்டரு வெப்சைட்டுல வந்தாத்தான் செல்லும். அது ரூலு."

"இப்பவே ஏத்திடறேன் சார்."

"ஏத்துவ. கையெழுத்தும் சீலும் படமால்ல இருக்குது? மென்பொருளு பிழைன்னு சொல்லும். நூறு தொண்ணூத்தொம்பது ஆயிடும்."

"அப்ப டைப் அடிச்சு ஏத்திடலாம் சார்."

"கையெழுத்தில்லாத ஆர்டரு ஒரு ஆர்டராய்யா? கவலப்படாத. பத்திரமா உள்ள இருக்குது. மேல கேட்டு ஏதாச்சும் வழி பண்றேன்." ஆர்டரைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

தனபால் கணினி மையத்துக்கு வந்து உட்கார்ந்தார். யாராவது மனமிரங்கி ஏற்றியிருப்பார்களோ என்று இணையதளத்தைத் திறந்தார். மூடினார். திறந்தார். எத்தனை முறை என்று அவருக்கே கணக்கில்லை. எதிரில் வேல்விழி வந்து நிற்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

"அண்ணா, ரெண்டாவது யூனிட்டு?"

"இல்லம்மா. அழிஞ்சு போச்சு. நாந்தான் அழிச்சேன்" என்றார் தனபால். விரல் மறுபடியும் பொத்தானுக்குப் போனது.

அவள் விசைப்பலகையின் சத்தத்தைக் கூர்ந்து கேட்டாள்.

"ஒரே பட்டனையே அமுக்கறீங்க. என்ன பண்றீங்க?"

"என் ஆர்டரு வந்திருக்கான்னு பாக்கறேன்."

"வந்திருக்குதா?"

"தெரியல. இருக்குது இருக்குதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நானும் காலையிலேருந்து தொறந்து தொறந்து பாக்கறேன். எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதும்மா."

"மூணு வருஷமா நான் பாத்த வெப்சைட்டு இதுதாண்ணா" என்றாள் வேல்விழி. "இப்பதான் உங்களுக்கும் தொறந்து வுட்டிருக்காங்க."