ரத்தக் கிராணியும் ஒட்டாத சர்க்கரையும்

கோல சிலாங்கூரிலிருந்து சுங்கை ஆயர் தாவார் வரை தேடினாலும், பாயசத்தோடு சண்டை போட்ட மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் ரத்தக் கிராணி.

மருத்துவமனை ரத்த வங்கியில் அவருக்கு வேலை. நான் அதே கட்டடத்தில் பதிவு முகப்பில் இருந்தேன். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஆள் பேர் வாசிப்பதுபோல் ரத்தப் பைகளை ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்ப்பார். அதனால் அந்தப் பட்டம். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

பாயசச் சண்டை நடந்தது உலு யாமில், ஒரு கல்யாணத்தில். என் குறிப்பேட்டின்படி ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பந்தி. சோறு வருமுன் பாயசம் வந்துவிட்டது. கிராணி இலையைக் கையால் மூடிக்கொண்டார்.

"வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதானேலா, அண்ணே?" என்றார் பரிமாறியவர்.

"வயித்த விடுய்யா. ஏறுற வரிசைன்னு ஒண்ணு இருக்கு. ஒடம்புல புரதத்து மேல சர்க்கரை எப்படி ஏறுது? ஒவ்வொரு சர்க்கரைக்கும் தனி என்சைம். மொத சர்க்கரை உக்காராம, அடுத்த என்சைம் திரும்பிக்கூடப் பாக்காது."

பாயச வாளி நின்றது. பின்னால் வந்த சாம்பார் வாளி அதன்மேல் முட்டியது. மாப்பிள்ளையின் அப்பா, சம்பந்தி வீட்டார் யாரோ கோபித்துக்கொண்டார்கள் என்று நினைத்து, ஓடிவந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார்.

இந்தப் பிடிவாதம் சிரிப்புக்கு இடமில்லாமல் போனது தேவி என்ற நோயாளி விஷயத்தில். அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதாமாதம் ரத்தம் போய் ஆள் வெளிறிவிட்டாள். அறுவை சிகிச்சையை அதிகம் தள்ளிப்போட முடியாது என்றார் டாக்டர். தேவியின் அட்டையில் ஓ வகை என்றிருந்தது. கிராணி ஒரு ஓ பையிலிருந்து துளி எடுத்து அவள் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தார். பால் திரிவதுபோல் திரிந்தது. இன்னொரு பை, அதுவும் திரிந்தது. பொருந்தும் ரத்தம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வாட்சப்பில் செய்தி பறந்தது. சனிக்கிழமை காலை, கோயில் இளைஞர் மன்றம் ஒரே நிறச் சட்டையில் பதினொரு ஓ வகைக்காரர்களை வேனில் கொண்டுவந்து இறக்கியது. பதினொன்றும் திரிந்தது.

"எங்க ரத்தத்துல என்னங்க கொறை?" என்றார் மன்றத் தலைவர்.

"கொறை இல்ல. ஒரு சர்க்கரை கூட இருக்கு."

அவ்வளவுதான். பதினொரு பேரும் இனிப்பு நீர் வியாதி வந்துவிட்டதென்று பயந்து, அதே வேனில் கிளினிக்குக்குப் போய் வரிசையில் நின்றார்கள்.

தேவியின் கணவர் போகவில்லை. "ஓவுக்கு ஓ சேராதா? ரத்தத்துக்கும் ஜாதகம் பாக்குறீங்களா?" என்று கத்தினார்.

கிராணி அவரை உட்காரவைத்தார். "செகிஞ்சான்ல நெல்லு அறுக்குற மிஷின் இருக்குல்ல, அத செம்பனைக் காட்டுல விட்டா என்னத்த அறுக்கும்? ஏ என்சைமும் பி என்சைமும் அப்படித்தான். ரத்த அணு மேல ஹெச்னு ஒரு முனை இருந்தாத்தான் அதுங்களுக்கு வேலை. அந்த முனையில ஒண்ணும் ஒட்டாம இருந்தா ஓ. ஒங்க சம்சாரத்துக்கு அந்த முனையே இல்ல. பாக்க ஓ மாதிரி இருக்கும். ஆனா ஓ ரத்தத்த ஏத்துனா, ஹெச்சப் பாத்து அவங்க ஒடம்பு சண்டைக்கு வரும். உயிருக்கே ஆபத்து."

கோலாலம்பூர் லேபும் அதையே சொன்னது: பம்பாய் ரத்த வகை. கூடப்பிறந்தவர்களுக்கு இருக்கலாம். தேவிக்கு ஒரே அண்ணன், மாரி. செகிஞ்சானில் நெல் லோரி ஓட்டுகிறவர். தூண் மாதிரி கை. ஊசி என்றால் நடுக்கம். அதனால்தான் வேனில் வரவில்லை.

கிராணியின் மோட்டார் சைக்கிளில் நானும் போனேன். மாரி லோரிக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது.

"மாரி, வெளிய வா."

"பிரேக் பாக்குறேன் கிராணி."

"ரெண்டு மணி நேரமாவா?"

"பெரிய பிரேக்லா!"

கிராணி கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு லோரிக்கு அடியில் தவழ்ந்து போனார். இப்போது நான்கு கால்கள் தெரிந்தன.

"ஒந் தங்கச்சிக்கு யாரு ரத்தமும் சேரல, மாரி. ஒன்னோடதாவது சேருமான்னு எனக்கே தெரியல. பயந்துக்கிட்டே வா, பரவால்ல."

முதலில் ஒரு ஸ்பேனர் உருண்டு வந்தது. பிறகு மாரி கண்ணை மூடிக்கொண்டே வெளியே வந்தார்.

சேர்ந்தது. துளிகூடத் திரியவில்லை. ரத்தம் கொடுக்கிற நாளில், பஞ்சால் கையைத் துடைத்ததுமே மாரி மயங்கிவிட்டார். ஊசி போனது அவருக்குத் தெரியாது.

அறுவை சிகிச்சை ஒரு புதன்கிழமை. அந்த ஒரே பையைக் கிராணியே தூக்கிக்கொண்டு மாடியேறினார். உள்ளே கொடுத்த பிறகும் கதவருகிலேயே நின்றார்.

"ஏன் நிக்கிறீங்க? ஏதாச்சும்னா போன் பண்ணுவாங்களே," என்றேன்.

"பண்ணுவாங்க," என்றார். நகரவில்லை.

மதியம் தாதி வெளியே வந்தாள். ரத்தம் ஏறிவிட்டது, ஒரு கோளாறும் இல்லை, தேவி கண் விழித்துவிட்டாள் என்றாள். கிராணி தலையாட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

கீழே என் முகப்பில் வரிசை நீண்டிருக்கும். அவர் துடைத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.