வண்டிவேலு வம்சம்

பழவேற்காட்டில் உயிரோடு இருக்கிற ஒருவரோடும் ஒத்துப்போகாமல், செத்து முந்நூறு வருஷமான வெள்ளைக்காரர்களோடு மட்டும் சுமுகமாக வாழ்ந்த ஒரே மனிதர் 'டச்சு'தான்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டில் தேடினால் கிடைக்கும். பஜாரில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்படி யாரும் இங்க இல்லியே" என்று ஐஸ் ஃபேக்டரி முதலாளியே சொல்லிவிடுவார். அவரிடம்தான் டச்சு பதினெட்டு வருஷமாக வாட்ச்மேன் வேலை பார்த்தார்.

ஐஸ் ஃபேக்டரிக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை. மனு எழுதுவது, ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது, கல்யாணப் பத்திரிகையில் மாமன்மார் பெயரை வரிசைப்படுத்தி வம்பில் மாட்டுவது எல்லாம் என் தொழில். வேலை நேரத்தில் பாதி நேரம் டச்சுவின் நாற்காலி காலியாக இருக்கும். மீன் வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்துபோய் என்னிடம் வருவார்கள். "இன்னா பாய், உங்காளு எங்க?"

எங்கே இருப்பார்? டச்சுக் கல்லறையில் இருப்பார். வாசலில் செதுக்கி வைத்திருக்கும் இரண்டு எலும்புக்கூடுகளைக் கண்டு ஊர்ப் பிள்ளைகள் பயப்படும். டச்சு அவற்றுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார். உள்ளே போனதும் தேய்ந்துபோன கல்லின்மேல் அரிசிமாவைத் தூவி உள்ளங்கையால் தடவுவார். பள்ளத்தில் மாவு தங்கி எழுத்து வெள்ளையாக எழும்பும். ஒரு எழுத்துக்கும் அர்த்தம் தெரியாமல், கோலத்தைப் பார்த்துப் போடுகிற மாதிரி அப்படியே நோட்டில் வரைந்துகொள்வார். பிறகு என் கடைக்கு வருவார். அவர் வரைந்ததை நான் செல்போனில் அடித்து மொழிபெயர்க்க வேண்டும்.

"இன்னா சொல்றான் பாய்?"

"இங்கே ஒரு வியாபாரி உறங்குகிறான்னு போட்டிருக்கு."

"உறங்கட்டும், உறங்கட்டும். உயிரோட இருந்தப்போ எத்தினி பேரு தூக்கத்த கெடுத்தானோ."

அவர் மனைவி கன்னியம்மா மீன் ஏலத்தில் எடுத்துப் பொன்னேரியில் விற்றுவருவார். ஒருநாள் டச்சு என் கடையில் இருக்கும்போது கூடையோடு வாசலில் வந்து நின்றார். "பாய், எங்கூட்ல கோலம் போட்டு ஆறு மாசம் ஆவுது. இருக்கிற மாவெல்லாம் செத்த வெள்ளைக்காரன் மூஞ்சில அப்பிட்டு வந்துடறான் இந்த ஆளு. வெள்ளைக்காரன் தாத்தன் பேரு தெரியுதில்ல, இவன் தாத்தனுக்குத் தாத்தன் பேரு இன்னான்னு கேளு."

கேட்டேன். டச்சு ஏரிப்பக்கம் கையைக் காட்டினார். "எங்காளுங்களுக்கு யாரு பாய் கல்லு வெச்சான்?" என்றார். கன்னியம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் கனடாவிலிருந்து மார்த்தா மேடம் வந்தார். ரிட்டையரான பள்ளிக்கூட டீச்சர், எழுபதைத் தாண்டியவர். சென்னையிலிருந்து காரில் வந்து கல்லறை வாசலில் இறங்கினார். இங்கிலீஷுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு டச்சு ஓடிப்போய் வணக்கம் வைத்தார். மேடம் பெயர் கேட்டார்.

"டச்சு, மேடம்!"

அந்த அம்மா அவரை உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் ஒருமுறை பார்த்தார். கறுத்த உடம்பு, காக்கிச் சட்டை, கைநிறைய அரிசிமாவு. "நீங்களுமா?" என்று கேட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதை விளக்கிச் சொல்ல எனக்கு அரைமணி நேரம் பிடித்தது.

மேடம் தேடி வந்தது அவருடைய மூதாதை ஒருவரை. ஹாலந்தில் ரொட்டி சுடுகிற வீட்டுப் பையன், கப்பல் ஏறிப் பழவேற்காட்டுக்கு வந்து துணி வியாபாரத்தில் கணக்கப்பிள்ளை ஆனவர். பெயர் வான் டீவேல். டச்சு வாயில் அது முதல் நாளே 'வண்டிவேலு' ஆகிவிட்டது. வண்டிவேலுவின் மகன் யாழ்ப்பாணம் போனார். பேரன்மார் கொழும்புக்குப் போய்ப் பல தலைமுறை அங்கேயே இருந்தார்கள். மேடத்தின் அப்பா காலத்தில் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனார்கள். ஐரோப்பாவில் ஏறிக் கனடாவில் இறங்க அந்த வம்சத்துக்கு முந்நூறு வருஷம் ஆகியிருக்கிறது. எங்கள் ஊர் பஸ்ஸோடு ஒப்பிட்டால் அது ஒன்றும் பெரிய தாமதம் இல்லை.

இதில் பழவேற்காட்டுக் கண்ணி மட்டும் அவரிடம் இல்லை. டச்சு நேரே ஒரு கல்லருகே போய் உட்கார்ந்து மாவைத் தூவித் தடவினார். பெயர் எழும்பியது. மேடம் மண்ணில் மண்டியிட்டுக் கன்னத்தைக் கல்லில் வைத்து அழுதார். எழுந்தபோது அவர் கன்னத்தில் மாவில் பதிந்த நாலு எழுத்து இருந்தது. டச்சுவும் அழுதார். சொந்த அப்பா செத்ததற்கே அவர் அழவில்லை என்று கன்னியம்மா பிற்பாடு சொன்னார்.

குடும்ப வரலாற்றைப் புத்தகமாகப் போடப்போவதாகச் சொல்லிவிட்டு மேடம் விமானம் ஏறினார். அதற்கப்புறம் இரண்டு வருஷம் என் கடை வண்டிவேலு வம்சத்துக் கிளை அலுவலகமாகிவிட்டது. மேடம் ஹாலந்து தேவாலயப் பதிவுகளை அனுப்புவார். டச்சு ஒவ்வொரு கல்லாக வரைந்துவந்து, என்னிடம் அர்த்தம் கேட்டு, யார் யாருக்குச் சம்பந்தி, யார் குழந்தை எத்தனை மாதத்தில் செத்தது என்று பதில் சொல்வார். நடுவில் இருந்து இங்கிலீஷாக்குவது நான். ஐஸ் ஃபேக்டரி காலண்டர்த் தாள்களை ஒட்டி அதன் பின்பக்கம் அவர் போட்ட வம்ச மரம் என் கடைச் சுவரை மறைத்தது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லாம் வண்டிவேலுவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று தெரிந்துகொண்டுதான் திரும்பினார்கள்.

வம்சப் பெருமையைப் பார்த்து நான் சிரிக்கக்கூடாதுதான். அரபு நாட்டிலிருந்து கப்பலில் வந்த கூட்டம் நாங்கள் என்று எங்கள் வீட்டிலும் சொல்லிக்கொள்வார்கள். ஆதாரம் கேட்டால் அடிதான் விழும்.

ஒருநாள் மேடம் வண்டிவேலுவின் உயிலை அனுப்பிவைத்தார். பழைய டச்சுக் கையெழுத்து. யாரோ அங்கே அதை அச்செழுத்தில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். மேடம் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. டச்சு நிறுத்துகிற ஆள் இல்லை. வரி வரியாக மொழிபெயர்க்கச் சொன்னார். நாலாம் பக்கத்தில் இருந்தது விஷயம்: 'இந்த ஊர் மீனவப் பெண்ணிடம் எனக்குப் பிறந்த என் மகள் யோஹன்னாவுக்கு, ஒரு சிறிய படகு.'

மீனவப் பெண்ணுக்குப் பெயர் போடவில்லை. மகளுக்குப் போட்டிருந்தது.

"யோகம்மா" என்றார் டச்சு. "மகன கப்பலேத்தி அனுப்பிட்டான். மகள இங்கியே வுட்டுட்டான்."

அதை அவர் சொன்ன விதம், அடுத்த தெருவில் போன வாரம் நடந்ததைச் சொல்கிற மாதிரி இருந்தது. ஊருக்குத் தெரிந்ததும் கிண்டல் ஆரம்பித்தது. "இன்னா டச்சு, நீ வெள்ளைக்காரன் பேரனா? கனடாவுக்கு எப்போ பிளேனு?" என்று படகுத்துறையில் கேட்டார்கள். சத்தியமாக அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. "நான் யாரு பேரன்னு எனக்கே தெரியாது. நான் எனக்கா கேக்கறேன்? அந்தப் பொண்ணுக்குக் கேக்கறேன்" என்பார். காலண்டர்த் தாளில் வண்டிவேலுவுக்குக் கீழே, யாழ்ப்பாணம் போன மகனுக்குப் பக்கத்தில், யோகம்மா என்று தமிழில் எழுதினார்.

மேடத்துக்கு உயிலின் நாலாம் பக்கத்தைச் சுட்டிக்காட்டி எழுதினோம். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. குடும்பத்தார் கூடிப் பேசினார்களாம். அந்தக் காலத்துச் சங்கதியாம். அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள் என்று பதிவு இல்லாததால் மரத்தில் சேர்ப்பது பொருத்தமாக இருக்காதாம். புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறார்களாம்.

டச்சு என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் தட்ட வேண்டும் என்றார்.

"எழுது பாய். மேடம், உன் குடும்பத்துல எல்லாரும் ஊர் ஊரா போனீங்க. ஒருத்தி மட்டும் இங்கியே நின்னுட்டா. நின்னவ பேர வுட்டுட்டு ஓடனவன் பேரெல்லாம் போடுவியா? அவ பேர போடு. போடலன்னா, நான் தேடிக் குடுத்தது ஒண்ணும் உன் புஸ்தகத்துல இருக்கக்கூடாது. எல்லாத்தையும் எடுத்துடு. எழுதிட்டியா?"

"எழுதிட்டேண்ணா."

நான் எழுதியது இது: 'மதிப்பிற்குரிய மேடம், முடிந்தால் அந்தப் பெண்ணின் பெயரையும் கருணையோடு பரிசீலிக்கவும். தங்கள் முடிவு எதுவானாலும் எனக்கு முழு மகிழ்ச்சியே. தங்கள் குடும்பத்துக்குச் சேவை செய்தது என் பாக்கியம்.'

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், மனு எழுதிப் பழகிய கை, தானாகக் குனிந்துவிட்டது என்று சொல்லலாம். அது பாதி உண்மைதான். என் தங்கை மகன் கனடாவில் படிக்க விண்ணப்பம் போட்டிருந்தான். நாளைக்கு மேடத்திடம் ஒரு சிபாரிசுக் கடிதம் கேட்க வேண்டியிருக்கும் என்று என் மனதில் ஓடியது. அவனுக்கு விசா கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

புத்தகம் வந்தது. பளபளக்கிற தாளில், தலைக்கு வைத்துப் படுக்கிற கனத்தில். ஹாலந்து ரொட்டிக்கடையில் தொடங்கிக் கனடாவில் போன வருஷம் பிறந்த குழந்தை வரைக்கும் மடக்கி வைத்த மரம். குடும்பத்தோடு பதினான்கு வருஷம் வாழ்ந்த நாய்க்குத் தனிப் படமும் அடியில் பெயரும் இருந்தன. யோகம்மா இல்லை. டச்சு இருந்தார் என்று சொல்லலாம். கல்லறைப் படத்தின் ஓரத்தில் மாவு படிந்த கை ஒன்று மணிக்கட்டோடு வெட்டுப்பட்டுக் கல்லைத் தடவிக்கொண்டிருந்தது.

அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் முன்னுரையில் மேடம், பழவேற்காட்டு நண்பரின் பெருந்தன்மையைப் பாராட்டி, அவர் கடிதத்தை அப்படியே அச்சிட்டிருந்தார். டச்சுவின் மகள் தேவி பொன்னேரி காலேஜில் படித்துக்கொண்டிருந்தவள். அவள்தான் அதை அப்பாவுக்குப் படித்துத் தமிழில் சொல்லியிருக்கிறாள்.

மத்தியானம் புத்தகத்தோடு வந்தார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"பாய், 'எனக்கு முழு மகிழ்ச்சி'. இத்த நான் சொன்னேனா?"

"இல்லண்ணா... மரியாதையா இருக்கட்டும்னு..."

"அந்தம்மாவுக்கு இங்க யாரையும் தெரியாது. பேர வுட்டுடுச்சு. உனக்கு இன்னா பாய்? நீ இந்த ஊரு தண்ணி குடிச்சவன்தானே?"

அவர் சுவரிலிருந்த காலண்டர் மரத்தை ஒட்டுப் பிரியாமல் நிதானமாகக் கழற்றி, சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். அத்தோடு என்னிடம் பேச்சு நின்றது. எதிரெதிரே ஆறு மாதம் உட்கார்ந்திருந்தோம். நான் பார்த்தால் அவர் ஐஸ் கட்டியைப் பார்ப்பார்.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. இங்கிலீஷ் தெரிந்தவனை நம்பி ஏமாந்தவர், இனி இங்கிலீஷே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். மகளிடம்கூடக் கேட்கவில்லை. புத்தகத்தில் இருந்த மரத்தில் வண்டிவேலுவுக்குக் கீழே சிவப்பு மார்க்கரால் கோடு இழுத்து, கொட்டை எழுத்தில் 'யோகம்மா' என்று தமிழில் எழுதி, தானே போஸ்ட் ஆபீஸ் போய்க் கனடாவுக்குத் திருப்பி அனுப்பினார்.

இரண்டு மாதத்தில் புதுப் புத்தகம் ஒன்று வந்தது. கூடவே ஒரு அட்டை, கன்னியம்மா அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்: 'தாங்கள் திருப்பி அனுப்பிய பிரதியில் யாரோ கிறுக்கிச் சேதப்படுத்தியிருந்தார்கள். வருந்துகிறோம். நல்ல பிரதி அனுப்பியுள்ளோம்.'

டச்சு அதிலும் எழுதி அனுப்பினார். மூன்றாவது பிரதி வந்தது. அதிலும் எழுதி அனுப்பினார். "சம்பந்திங்ககூட இத்தினி தபா சீரு வரிசை மாத்திக்க மாட்டாங்க" என்று கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் நடந்தது அத்தனையும், என் திருட்டுத்தனம் உட்பட, மேடத்துக்கு இங்கிலீஷில் எழுதினேன். டச்சு முதலில் சொன்ன கடிதத்தை ஒரு வார்த்தை குறைக்காமல் மொழிபெயர்த்துச் சேர்த்தேன். மேடத்தின் மகன் மூன்றே வரியில் பதில் போட்டார். அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. யாரையும் அடையாளம் தெரியவில்லை, சொந்தப் பெயரே மறந்துவிட்டது. புத்தக வேலை முடிந்துவிட்டது, இனிமேல் பார்சல் அனுப்ப வேண்டாம் என்று அந்த மனிதரிடம் தயவுசெய்து சொல்லவும்.

சொல்லத்தான் நினைத்தேன். ரோட்டைத் தாண்டி அவர் நாற்காலி வரைக்கும் போனேன். அவர் நான்காவது புத்தகத்தை மடியில் வைத்து, மார்க்கர் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன். அந்த மழைக்காலம் முடிந்ததும் கடையைப் பொன்னேரிக்கு மாற்றிக்கொண்டேன். காரணம் கேட்டவர்களிடம் வியாபாரம் படுத்துவிட்டது என்று சொன்னேன்.

இப்போதும் பழவேற்காடு போனால் ஐஸ் ஃபேக்டரி பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். அவர் தலை நன்றாக நரைத்துவிட்டது. தேவிக்கு வேலை கிடைத்துவிட்டது என்று கன்னியம்மா சொன்னார். என்னைக் கண்டால் டச்சு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.

நான் எழுதிய இந்தக் கதை வெளியாகும் வாரப் பத்திரிகையில் ஒரு பிரதியை அவருக்குத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். தமிழில்தானே இருக்கிறது, யார் தயவும் இல்லாமல் அவரே படித்துக்கொள்வார். படித்துவிட்டு, "துரோகி பாய்" என்று போனில் ஒருதரம் திட்டினாலும் போதும், அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ நாளாகிறது.